சுவரெல்லாம் ரம்யாவின் கை

பத்மாசினி செய்யும் தட்டைக்கு மதுரைத் திருநகரில் நல்ல பெயர். பெயர்தான் இருந்ததே ஒழிய பாக்கெட்டின் மேல் ஒரு எழுத்தும் இல்லை. பலசரக்குக் கடைக்காரர் ஒருநாள் சொன்னார்: "வெறும் கவர்ல குடுத்தா எவன் செஞ்சதுன்னு கேக்குறாங்கக்கா. ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுங்க, கல்லுப்பட்டி வரைக்கும் விக்கலாம்." அதனால்தான் அவள் மூணாவது ஸ்டாப்பில் இருந்த முத்துச்செல்வியின் கடைக்குப் போனாள்.

முத்துச்செல்வி ஃப்ளெக்ஸ், போஸ்டர், விசிட்டிங் கார்டு எல்லாம் டிசைன் செய்பவள். ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், சத்தம் போடும் ஒரு ஃபேன். "காதுகுத்துல ஆரம்பிச்சு கண்ணீர் அஞ்சலி வரைக்கும் நம்மகிட்டதான்கா. நடுவுல எங்க போயிருவாங்க?" என்பாள். அன்றும் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, 'பத்மா வீட்டுத் தட்டை' என்று தட்டெழுதினாள்.

"இது மருந்துக்கடை போர்டு மாதிரி இருக்கே," என்றாள் பத்மாசினி.

"சரி, இது?"

"இது கட்சிக்காரங்க எழுத்து. தட்டைக்கு எதுக்கு?"

"அக்கா, ஒங்களுக்கு என்ன வேணும்கறது எனக்குப் புரிஞ்சுபோச்சு. கையால எழுதுன மாதிரி இருக்கணும். அச்சு எழுத்துன்னா ஃபேக்டரில செஞ்சதும்பாங்க. லேசாக் கோணலா இருந்தாத்தான் வீட்ல செஞ்சதுன்னு நம்புவாங்க."

"நான் வீட்லதான செய்றேன்?"

"அது ஒங்களுக்குத் தெரியும். பாக்கெட்டப் பாக்குறவனுக்குத் தெரியணும்ல?"

முத்துச்செல்வி சுட்டியை ஒருமுறை அழுத்தினாள். திரையில் இருந்த சொற்கள் கலைந்து வேறு உருவத்தில் நின்றன. 'ட' தன் மூலையை மடக்காமல் முழங்கால் போல வளைத்திருந்தது. புள்ளிகள் புள்ளிகளாக இல்லை. வலப்பக்கம் கொஞ்சம் திறந்த சின்னச் சின்ன வளையங்களாக இருந்தன. 'வீ'யின் மேல்வளைவு தலைக்கு மேல் நீண்டு அடுத்த எழுத்தின் மீது கவிந்திருந்தது.

பத்மாசினி ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த வளையத்துக்காக அவள் எத்தனை முறை பள்ளிக்கூடத்துக்கு அழைக்கப்பட்டிருக்கிறாள்! புள்ளி வைக்கச் சொன்னால் சுழி வைக்கிறாள் உங்கள் பெண் என்று தமிழ் டீச்சர் நோட்டை நீட்டிக் காட்டுவார்.

"இத யார் எழுதுனா?"

"யாரும் எழுதலக்கா. ஃபான்ட்டு. 'கிறுக்கல்'னு பேரு. இப்ப ஊரெல்லாம் இதுதான் ஓடுது. சும்மாவே கெடைக்குது."

"யாரும் எழுதாம எப்படி எழுத்து வரும்?"

"யாராவது ஒரு தடவ எழுதியிருப்பாங்க. அப்பறம் அவங்க வேணாம். நம்ம தட்டுறதையெல்லாம் அதுவே எழுதிக்கிரும்." முத்துச்செல்வி திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா, மூஞ்சி ஒருமாதிரி இருக்கு? தண்ணி தரவா?"

பத்மாசினிக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. தன் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

*

நான்கு வருடங்களுக்கு முன்னால் ரம்யாஸ்ரீ தன்னுடன் வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அடுத்த நாள் காலை அவளுடைய அப்பா ராஜாராம் தலைக்குக் குளித்தார். பிறகு வெளியே போனார். சாயங்காலம் திருநகரிலிருந்து தெப்பக்குளம் வரை சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. கல்லூரி அடையாள அட்டையில் இருந்த படம். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். மறைவுத் தேதி கல்யாணத் தேதி.

சாதி சனத்தில் யாரும் உயிரோடு இருப்பவளுக்கு அப்படிச் செய்ததில்லை. விஷயம் தெரிந்தவர்கள் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. தெரியாதவர்கள் மாலையோடு வந்துவிட்டார்கள். அவர்களை உட்காரவைத்து, எப்படி இறந்தாள் என்று ராஜாராம் சொன்னார். காய்ச்சல் என்றார். மூன்றாவது ஆள் கேட்டபோது எந்த ஆஸ்பத்திரி என்பது வரை வந்துவிட்டது. பத்மாசினி சமையலறையில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பொய் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ரம்யா கடைசியாகப் பேசியதும் அன்றைக்குத்தான். போனில் அவள் அழவில்லை. "போஸ்டர் பாத்தேம்மா. போட்டோ நல்லா வந்திருக்கு," என்று மட்டும் சொன்னாள். பிறகு அந்த எண் இல்லாமல் போனது.

வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் மாட்டப்பட்டது. சந்தனப் பொட்டு, ஒரு சின்னச் சிவப்பு பல்பு. சமையலறை டப்பாக்களில் ரவை, உளுந்து, கல்லுப்பு என்று ரம்யா எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளையெல்லாம் ராஜாராம் ஈரத்துணி வைத்துத் துடைத்து எடுத்தார். அதற்குப் பிறகு வீட்டில் சர்க்கரை எது, உப்பு எது என்று நாக்கில் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இறந்தவர்களைப் பற்றி எல்லா வீட்டிலும் கொஞ்சமாவது பேசுவார்கள். அவள் இறக்காததால் அந்த வீட்டில் அதுவும் இல்லை.

*

லேபிள் வாங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து பத்மாசினியால் ஒரு தெருவைக்கூடச் சும்மா கடக்க முடியவில்லை. அந்தக் கை எங்கும் இருந்தது. கரும்புச்சாறு வண்டியில், அழகு நிலையத்தின் கண்ணாடியில், மண்டப வாசலில் பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸில், கேக் பெட்டியின் மூடியில் எல்லாம் ரம்யாதான் எழுதியிருந்தாள். 'நாய்கள் உண்டு' என்று எழுதியிருந்தாள். 'கடன் கேட்டு நட்பை இழக்காதீர்' என்று எழுதியிருந்தாள். அவள் வாயில் வராத, வந்திருக்கவே முடியாத சொற்களெல்லாம் அவள் கையில் வந்திருந்தன.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களிலும் அதே எழுத்துதான். அன்பானவர்களின் கை எழுதியதுபோல இருந்தால் துக்கம் நிஜமாகத் தெரிகிறது என்று முத்துச்செல்வியைப் போன்றவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஊரில் யார் செத்தாலும் ரம்யா அதை எழுதி அறிவித்தாள். காலமானார். காலமானார். இயற்கை எய்தினார். பத்மாசினி முகங்களைப் பார்க்காமல் எழுத்துகளைப் பார்த்தபடி பஸ்ஸில் போவாள்.

முதலில் ஒரு நம்பிக்கையோடுதான் படித்தாள். தனக்கென்று ஏதாவது இருக்கும் என்று. இல்லை. ஆனால் சில வாரங்களில் வேறொன்று நடக்க ஆரம்பித்தது. பல் ஆஸ்பத்திரியில் 'சற்றுப் பொறுக்கவும்' என்று எழுதியிருந்தது. அவள் முறை வந்து, நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. இன்னும் பொறுக்கச் சொல்லியிருக்கிறாளே என்று தோன்றியது. 'இன்று விடுமுறை' என்று ஒரு கடையில் பார்த்துவிட்டு, அந்தக் கடையில் தனக்கு வேலை இல்லாதபோதும் வீடு திரும்பி அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ராஜாராம் வந்து கேட்டதற்கு, "இன்னிக்கு லீவு," என்றாள்.

"யார் சொன்னா?"



அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பதுதான் விசித்திரம். கோயில் அன்னதான நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து, நல்ல காரியமாயிற்றே என்று மகளின் படத்துக்குக் கீழே செருகி வைத்திருந்தார். 'அனைவரும் வருக' என்று அதில் ரம்யா எழுதியிருந்தாள். சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் பத்மாசினி அதைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். அவர் அந்தச் சொற்களைப் படித்திருக்கிறார். அந்தக் கையை மட்டும் படிக்கவில்லை.

பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒன்று புலப்பட்டது. 'மணம்' என்ற சொல்லில் முதலில் நிற்கும் 'ம'வும் கடைசியில் நிற்கும் 'ம்'மும், புள்ளியை விட்டுவிட்டால், கொஞ்சமும் மாறாமல் ஒன்றாகவே இருந்தன. ரம்யா எழுதும்போது அப்படி இருக்காது. முதல் எழுத்து நிதானமாக இருக்கும், கடைசி எழுத்து எழுந்து ஓடப்போகிற மாதிரி இருக்கும். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் எழுதுகிறவளுக்குக் கொஞ்சம் வயதாகிவிடுகிறது; கை அதைக் காட்டிவிடும். இந்த எழுத்துகளுக்கு வயதாகவில்லை. கூடத்துப் படத்தில் இருப்பவளுக்கு ஆகாதது போலவே. அந்த ஒற்றுமை தோன்றிய பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"முத்து, இந்த எழுத்தப் போட்டவங்களக் கண்டுபிடிக்க முடியுமா?"

"ஏன்கா?"

"எம்மக கை அது."

முத்துச்செல்வி சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். மூன்று தெரு தள்ளியிருப்பவள், அந்தப் பழைய போஸ்டரைப் பார்த்தவள். "அக்கா… அவதான் காய்ச்சல்ல…"

"காய்ச்சல் இல்ல," என்றாள் பத்மாசினி. அவ்வளவு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை.

*

அந்த எழுத்துருவை வெளியிட்டிருந்த இணையதளத்தைக் கோயம்புத்தூரில் இருந்து திவ்யா என்ற பெண் நடத்திவந்தாள். முத்துச்செல்வி எண்ணைத் தேடிப்பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆமாங்க்கா, ஒரு தடவ பேசியிருக்கேனுங்க," என்றாள் திவ்யா. "நல்ல மதுரப் பேச்சு. ஆனா பேரு போட வேண்டாம்னுட்டாங்க. ஒன்றர வருஷம் ஆச்சுங்க. அதுக்கப்புறம் மெயில் போட்டா பதிலே இல்ல. ஃபான்ட்ல ஏதாச்சும் மாத்தணும்னாக்கூட அவங்கதான் மாத்தணும், பாஸ்வேர்ட் அவங்ககிட்டதான் இருக்கு."

"வேற எதும் சொன்னாளா? வீட்டப் பத்தி?"

"எழுத்து அழகா இருக்கே, வீட்ல அம்மாவும் இப்படித்தான் எழுதுவாங்களான்னு கேட்டேனுங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் எறந்துட்டாங்கன்னு சொன்னாங்க. பாவமாப் போச்சு." திவ்யாவின் குரல் மாறியது. "நீங்க யாருங்க்கா பேசறது?"

முத்துச்செல்வி போனைத் துண்டித்தாள்.

பத்மாசினி தன் கைகளைப் பார்த்தாள். அரிசிமாவு நகக்கண்ணில் இருந்தது. எங்கோ ஒரு வீட்டில் தனக்கும் ஒரு படம் மாட்டியிருக்கக்கூடும் என்று நினைத்தாள். எந்தப் படத்தை வைத்திருப்பாள்? மூக்குத்தி போட்டதா, போடாததா? தான் இறந்த காரணம் என்னவாக இருக்கும்? அவளுக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் புதைத்துவிட்டு ஒரே பூமியின் மேல் நடமாடுகிறார்கள் என்று நினைத்தாள். இல்லை, ஒருத்தி மட்டும்தான் நடமாடுகிறாளா? அதுகூடத் தெரியவில்லையே.

"போஸ்டர் ஒண்ணு அடிக்கணும்," என்றாள்.

"யாருக்குக்கா?"

அவள் சொல்லச் சொல்ல முத்துச்செல்வி தட்டினாள்.

*உயிருடன் இருக்கிறாள். முன்பு ஒட்டிய செய்தி தவறு. இப்படிக்கு, உயிருடன் இருக்கும் அம்மா, பத்மாசினி.*

"இப்படி ஒண்ண நான் அடிச்சதே இல்லக்கா. கறுப்பு பார்டர் போடவா, வேணாமா?"

"போடு. அப்பத்தான் நின்னு படிப்பாங்க. கீழ என் நம்பரப் போடு. மேல போட்டோவும் அவ பேரும் போடு. இதே எழுத்துல."

பெயரைத் தட்டியபோது 'ரம்யா' வந்தது. அதன் பிறகு ஒரு வெற்றுக் கட்டம் வந்தது.

"அட. ஸ்ரீ இல்லக்கா இதுல. ஸ, ஜ, ஷ எதுமே அவ எழுதாம விட்டுருக்கா." முத்துச்செல்வி சோதனைக்கு 'ராஜாராம்' என்று அடித்தாள். நடுவில் கட்டம் விழுந்தது. 'பத்மாசினி' என்று அடித்தாள். முழுதாக வந்தது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

"வேற ஃபான்ட்லேர்ந்து ஸ்ரீ எடுத்துப் போட்டுரவா?"

"வேணாம். எடத்த விட்டுரு. நான் எழுதிக்கிறேன்."

தட்டை வெந்த அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு போஸ்டரிலும் அந்த ஒரு எழுத்தை அவளே எழுதினாள். அச்சடித்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் அது மட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி வந்தது. மதிய வெயிலில் தெரு காலியாக இருந்தபோது பசை வாளியோடு போய் ஒட்டினாள். பாக்கெட் போடப் போகிற ஊர்களிலும் ஒட்டினாள்; திருமங்கலம், டி. கல்லுப்பட்டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மூடிக்கிடந்த அரிசி ஆலையின் சுவரில் ஒட்டியபிறகுதான் கவனித்தாள். அதில் ஸ்ரீ எழுத மறந்திருந்தது. பசை காயும்வரை காத்திருந்து, சுவரில் வைத்தே எழுதினாள். காகிதத்துக்கு அடியில் காரை பெயர்ந்திருந்த இடத்தில் பேனா ஒருமுறை தாவியது. எழுத்தின் கழுத்தில் ஒரு இடைவெளி விழுந்தது. அவள் திருத்தவில்லை.

ராஜாராமுக்கு விஷயம் டீக்கடையில் தெரிந்தது. வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் நின்றார். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். அன்று அவர் தமிழில் கத்தினார், தெருவுக்கும் கேட்கட்டும் என்பதைப் போல.

"செத்தவ பேர எதுக்கு எழுதி ஒட்டுற? ஊர் சிரிக்குது!"

"நீங்க ஒட்டுனப்ப ஊர் சிரிக்கலையா?"

"ஒனக்கு எப்படித் தெரியும் அவ இருக்கான்னு?"

"ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு, இல்லைன்னு?"

அவர் படத்தைப் பார்த்தார், ஏதோ அதனிடம் சாட்சி கேட்பவரைப் போல. பிறகு குளிக்கப் போய்விட்டார். அந்த மாதக் கடைசியில் சிவப்பு பல்பு எரிந்துபோனது. புதிது வாங்கி வரவில்லை. அதை மனம் மாறியதற்கு அடையாளமாக பத்மாசினி எடுத்துக்கொள்ளவில்லை, அவர் மறதிக்காரர்.

போஸ்டரில் இருந்த எண்ணுக்கு அழைப்புகள் வந்தன. ஒருவன் உயிரோடு இருப்பதற்கு வாழ்த்துச் சொன்னான். ஒரு பெண், தன் மகனுக்கும் இப்படி ஒரு போஸ்டர் ஒட்டினால் வருவானா என்று கேட்டாள். ரம்யா பேசவில்லை.

*

மழைக்காலம் முடிந்த சமயம், முத்துச்செல்வி ஆளனுப்பாமல் தானே வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, வாங்க. வந்து பாருங்க."

கிறுக்கல் எழுத்துரு புதுப்பிக்கப்பட்டிருந்தது. என்ன மாற்றம் என்று ஒரு குறிப்பும் இல்லை. முத்துச்செல்வி தட்டினாள். ரம்யாஸ்ரீ. கட்டம் இல்லை. கட்டம் இருந்த இடத்தில் ஒரு ஸ்ரீ நின்றது. மற்ற எழுத்துகளோடு அது ஒட்டவில்லை. பழைய காலத்து நெளிவு, கனத்த கை. அதன் கழுத்தில் ஒரு இடைவெளி இருந்தது.

பத்மாசினிக்குக் காதுக்குள் பஸ் ஹாரன் கேட்டது. "இது நான் எழுதுனது," என்றாள்.

"அதான்கா! ஒங்க எழுத்து மாதிரியே இருக்கேன்னுதான்…"

"மாதிரி இல்ல. இது கல்லுப்பட்டில எழுதுனது. வேற எதுலயும் இந்த எடவெளி விழல."

மகள் உயிரோடு இருக்கிறாள். அந்தச் சுவரின் முன்னால் நின்றிருக்கிறாள். சந்தோஷம் வருவதற்கு முன்னால் ஒரு குளிர்தான் வந்தது. தன் கையிலிருந்து ஒரு துண்டு பிரிந்துபோய், இனி தன்னைக் கேட்காமல் யார் யார் பெயரையோ எழுதப்போகிறது. முத்துச்செல்வி 'ராஜாராம்' என்று அடித்துப் பார்த்தாள். நடுவில் கட்டம் அப்படியே இருந்தது. அவள் அவசரமாக அதை அழித்தாள்.

அன்று சாயங்காலமே கல்லுப்பட்டிக்குப் போக வேண்டும் என்று பத்மாசினி சொன்னாள். எதற்கு என்று ராஜாராம் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தார்.

அரிசி ஆலைச் சுவரில் போஸ்டர் வெளுத்திருந்தாலும் கிழியாமல் இருந்தது. படம் இருந்தது. 'உயிருடன் இருக்கிறாள்' இருந்தது. பெயரில் 'ரம்யா' வரை இருந்தது. அதற்கு அடுத்து, பிளேடு வைத்து அறுத்த மாதிரி, காகிதத்தில் ஒரு சதுரம் இல்லை. அதன் வழியே சுவர் தெரிந்தது.

ராஜாராம் கிட்டே போனார். அறுத்த ஓரத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"எவனாவது வெளையாட்டுப் பயலா இருக்கும்," என்றார்.

பத்மாசினி சதுரத்தின் நேரான ஓரங்களைப் பார்த்தாள்.

"வா, போலாம். இருட்டுது," என்றார். சொன்னவர் நகரவில்லை. விரல் அந்த ஓட்டையிலேயே இருந்தது.

*

இப்போது சந்தை நாட்களில் பத்மாசினி அந்தச் சுவருக்குக் கீழே தட்டை விற்கிறாள். அவரே கொண்டுவந்து விடுகிறார்; பிறகு தூரத்து டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார். முகத்தைக் காட்டி உட்கார்ந்தால் வருகிறவள் வராமல் போய்விடுவாள் என்று பயமா, அல்லது வந்துவிடுவாள் என்று பயமா என்று பத்மாசினிக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

பக்கத்தில் பூ விற்கும் நாகஜோதிக்கு ஒரு சந்தேகம் வெகுநாளாக இருந்தது.

"ஏக்கா, யேவாரம் பண்றவங்க ஆளு மூஞ்சியப் பாத்துச் சிரிச்சாத்தான நாலு பாக்கெட்டு கூடப் போகும்? நீங்க என்னடான்னா வாங்குறவ கையவே மொறச்சுப் பாக்குறீங்க. மோதிரத்தக் கழட்டிக்கிருவீங்களோன்னு பயந்துல்ல ஓடுறாளுக!"

"மூஞ்சி மாறியிருக்கும்ல, ஜோதி," என்றாள் பத்மாசினி.

"யாரு மூஞ்சி?"

பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். ஒரு கை நீண்டது. பத்மாசினி அதைப் பார்த்தாள், ஒரு பாக்கெட்டை வைத்தாள், அடுத்த கையைப் பார்த்தாள்.